வாய் திறக்கக் கூடாத நாற்காலி

1

சரவணன் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, தன் அக்கா மலரிடம் ஒரு பையை நீட்டிவிட்டுப் போய்விட்டான். பைக்குள் போன வாரம் மலர் குழம்பு ஊற்றிக் கொடுத்தனுப்பிய டப்பாக்கள், கழுவித் துடைத்து, காலியாக இருந்தன.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். நியூசிலாந்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் அந்த வழக்கம் மாறவில்லை. மலர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் மூடி அலமாரியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எந்தம்பி ஒறவ முறிச்சுட்டுப் போறான். ஒங்களுக்கு நிம்மதிதானே?”

சரவணன் என் மனைவியின் தம்பி. வெலிங்டனை ஒட்டிய ஹட் பள்ளத்தாக்கில் எங்களுக்கு அடுத்த பேட்டையில் இருக்கிறான். அவனுக்கு என் மேல் உள்ள கோபம் இன்னதுதான்: அவன் புகார் போட்டிருக்கிற ஆபீசின் ஆட்சிக் குழுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தும் அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊரில் இருந்து படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போதே சரவணன் கட்சிக்குப் போயிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போங்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

2

அத்தை, அதாவது மலரின் அம்மா, போன கோடையில் இங்கே வந்தார். இங்கே கோடை என்றால் உங்களுக்கு மார்கழி, தை. சரவணன் புது வீடு வாங்கியிருந்தான். பால் காய்ச்ச அம்மா வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். டிக்கெட்டோடு சேர்த்து, வருகிறவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டையும் இங்குள்ள ஒரு கம்பெனியில் எடுத்தான். அதில் ஒரு கேள்வி. மருத்துவமனைக்கோ டாக்டரிடமோ போய் சிகிச்சை எடுத்ததுண்டா என்று. சரவணன் போன் போட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறான். “நீ ஆஸ்பத்திரிக்கு எதுக்கும் போயிருக்கியாம்மா?” அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் அவர். இல்லை என்றார். அவனும் இல்லை என்று போட்டான்.

பால் காய்ச்சிய மறுவாரம் அத்தை அடுப்படியில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இங்குள்ள அரசு மருத்துவமனை உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு எல்லாமே கட்டணம். காப்பீடு இருக்கிறதே என்று சரவணன் தைரியமாக இருந்தான். அத்தையின் கைப்பையில் சுருக்குப் போட்ட மஞ்சள் துணிக்குள் பிரஷர் மாத்திரை அட்டை இருந்ததை நர்ஸ் குறித்து வைத்திருந்தார். கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள், ஒரு பைசா தரமாட்டோம் என்று எழுதிவிட்டது.

மாத்திரை எங்கே வாங்கினீர்கள் என்று அத்தையிடம் நானே கேட்டேன். பேச்சு அப்போதுதான் குழறலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு மாசா மாசம் ஒரு பிள்ளை வரும், கையில் பட்டை கட்டிப் பார்க்கும், மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும், நல்ல பிள்ளை, மோர் குடித்துவிட்டுத்தான் போகும் என்றார். நம் ஊரில் இப்போது வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களே, அதுதான். அத்தையின் கணக்கில் அது சிகிச்சை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் சிகிச்சை. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அங்கேதான் என் சங்கடம் ஆரம்பம்.

மருத்துவமனையில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவன் சரவணன். காப்பீடு வராவிட்டால் புது வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, அவன் குறைதீர் மன்றத்தில் புகார் போட்டான்.

3

அது என்ன மன்றம் என்று சொல்லியாகவேண்டும். வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ கடன் கம்பெனியோ, மக்களிடம் நிதி வியாபாரம் செய்கிற எவரும் இங்கே அரசு ஒப்புக்கொண்ட ஒரு குறைதீர் மன்றத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சில மன்றங்கள் உண்டு. நான் இருப்பது அதில் ஒன்று. புகார் கொடுக்கிறவருக்குச் செலவே கிடையாது. வாடகை, சம்பளம், நாங்கள் குடிக்கிற காபி எல்லாம் கம்பெனிகள் கட்டுகிற சந்தா. குறைதீர்ப்பாளர் ஒரு முடிவு சொல்லி, புகார் கொடுத்தவர் அதை ஏற்றுக்கொண்டால் கம்பெனி கட்டுப்பட்டே ஆகவேண்டும். புகார் கொடுத்தவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

புதுக்கோட்டையில் என்னோடு காலேஜில் படித்த நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். கம்பெனிக்காரன் சோற்றைத் தின்றுவிட்டு கம்பெனிக்காரனுக்கு எதிராக எவன் தீர்ப்புச் சொல்லுவான் என்றான். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நடுவில் ஒரு ஆட்சிக் குழு. தலைவர் எந்தப் பக்கமும் சேராதவர். கம்பெனிகள் தரப்பில் இரண்டு பேர், மக்கள் தரப்பில் இரண்டு பேர், சரிக்குச் சரி. குறைதீர்ப்பாளரை நியமிப்பது நாங்கள். வருஷத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று தீர்மானிப்பதும் நாங்கள். தனக்கு எதிராக முடிவு சொன்னார் என்பதற்காக ஒரு கம்பெனி அவர் சம்பளத்தில் கை வைக்க முடியாது. விதிகளை மாற்ற எங்களுக்கே தனி அதிகாரம் இல்லை, அமைச்சர் சம்மதிக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை வெளியாள் வந்து எங்களையே சோதிப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. எந்தத் தனிப் புகாரையும் குழு தொடக் கூடாது. கோப்பைப் பார்க்கக் கூடாது, விசாரிக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. வேலைக்கு ஆள் வைப்போம். அவர் வேலையில் வாய் வைக்கமாட்டோம்.

நம் நாட்டில் வங்கிப் புகாரை விசாரிக்க ரிசர்வ் வங்கி தன் அதிகாரிகளையே குறைதீர்ப்பாளராகப் போடுகிறது. அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தட்டிக் கேட்கிற ஏற்பாடு. இங்கே இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளச் செய்கிற ஏற்பாடு. எது மேல் என்று சொல்ல எனக்கு அறிவு போதாது.

ஆனால் இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குப் புதிதில்லை. எங்கள் அப்பா மல்லிகை போட்டிருந்தார். கீரமங்கலத்துக் கமிஷன்கடையில் பூ நிறுக்கிற தராசைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய சண்டை வந்து, கடைசியில் பூ போடுகிறவர்கள் பாதி, கடைக்காரர்கள் பாதி என்று ஒரு கமிட்டி வைத்தார்கள். கமிட்டிக்காரர் யாருடைய பூவாவது தட்டில் ஏறினால் அவர் தராசுப் பக்கம் நிற்கக் கூடாது என்பது பேச்சு. அப்பா கமிட்டியில் இருந்தார். தன் கூடை வந்ததும் துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அப்படிப் போகிற நாளில் தன் பூவை எப்போதும் குறைத்தே நிறுக்கிறார்கள் என்று கடைசிவரை நம்பிக்கொண்டும் இருந்தார்.

நான் பிழைப்புக்கு நகரசபையின் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் பொறியாளன். சனிக்கிழமைகளில் புதிதாக வந்து குடியேறியவர்களுக்குக் கடன் பத்திரம் படித்துச் சொல்லி உதவப் போய், அதிலிருந்து மக்கள் தரப்பு நாற்காலிக்கு வந்தேன். சரவணன் அப்போது எனக்குச் சால்வை போட்டு ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினான்.

4

புகாரை எழுதிய சரவணன் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறான். உங்கள் குழு உறுப்பினர் இன்னார் என் சொந்த அக்காவின் கணவர் என்று.

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. நம் ஊரில் மனு கொடுக்கிறவர் யாருடைய ஆள் என்று தெரியாவிட்டால் அந்த மனு மேசையிலேயே கிடக்கும் என்பது அவனுக்குள் ஊறிய நம்பிக்கை. காலேஜ் சீட் ஆனாலும் கரண்ட் கம்பம் ஆனாலும், நம்ம ஆள் யாரு இருக்கா என்றுதான் முதல் கேள்வி. அந்த ஒரு வரி போதும், ஆபீசே எழுந்து நிற்கும் என்று நினைத்தான்.

ஆபீஸ் எழுந்து நிற்கத்தான் செய்தது, வேறு மாதிரி. குறைதீர்ப்பாளர் அன்றைக்கே தலைவருக்குத் தகவல் சொன்னார். தலைவர் எனக்குப் போன் செய்தார். வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற வழக்கறிஞர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். உங்கள் மைத்துனரா என்றார். ஆமாம் என்றேன். இந்தப் புகாரை நம் குறைதீர்ப்பாளர் தீர்க்கக் கூடாது, வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்கிறோம், அதுவரை நிறுத்தி வைக்கிறோம் என்றார். பிறகு ஒன்று சொன்னார். அலுவலகத்தில் மட்டுமில்லை, சாப்பாட்டு மேசையிலும் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

வெளியாள் கிடைப்பதற்குள் வாரங்கள் ஓடின. மருத்துவமனையிலிருந்து சரவணனுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல். ஒருநாள் அவன் வீட்டுக்கே வந்து நின்றான்.

“நீங்க அந்த ஆபீசுல இல்லாம இருந்திருந்தா எனக்கு இந்நேரம் முடிஞ்சிருக்கும் மச்சான். சாமி வரங்குடுத்தாலும் பூசாரி வரங்குடுக்க மாட்டேங்குறாரு. நீங்க பூசாரியா இருந்து நான் என்னத்தக் கண்டேன்?”

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் சுட்டது. நான் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். இப்போது விலகினால், விலகிப் போய்ப் பேசினார் என்றுதான் கம்பெனி சொல்லும், உட்காருங்கள் என்றார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு எனக்கு ஐம்பதைத் தாண்டித்தான் அர்த்தம் தெரிந்தது.

5

வீட்டில் பேச்சு சுருங்கியது. மலர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். வேறு யார் வீட்டுக் கிழவிகளையோ குளிப்பாட்டித் தலை சீவிவிட்டு வருகிறவள், தன் அம்மாவுக்காகப் புருஷன் ஒரு வார்த்தை சொல்லமாட்டான் என்பதை எப்படித் தாங்குவாள்? மாத்திரை விஷயம் அவளுக்கும் தெரியும். விசாரிக்கிறவருக்கு நம் ஊரில் நர்ஸ் வீட்டுக்கே வரும் என்று எப்படித் தெரியும், நீங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள் என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தம்பியிடம் அதை எழுதச் சொல் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மகள் இனியா இங்கேயே பிறந்தவள், பள்ளிக் கடைசி வருஷம். “அப்பா பண்றதுதான் கரெக்ட் அம்மா. அது கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட். சிம்பிள்” என்றுவிட்டுப் பழத்தைக் கடித்துக்கொண்டே அறைக்குப் போனாள். எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். ஆனால் அவள் அப்படிப் பேசியது எனக்கு வலித்தது. ஆச்சி அடுப்படியில் சாய்ந்தபோது முதலில் தாங்கியவள் அவள். அதற்குப் பிறகும் அவளுக்கு இது சிம்பிள். எனக்கு விடை தெரிந்தும் சிம்பிளாக இல்லை. இந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் இரண்டு நாட்டுக்காரர்கள்.

அந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மக்களுக்குச் சாதகமாக முடிந்த புகார்களில் கம்பெனியின் பெயரையும் வெளியிடுவதா வேண்டாமா என்று. மக்கள் தரப்பில் நாங்கள் இரண்டு பேரும் நெடுநாளாகப் போராடிக் கொண்டுவந்த தீர்மானம் அது. அதற்கு ஆதாரமாக இணைத்திருந்த கம்பெனிகளின் பட்டியலில் சரவணன் காப்பீடு எடுத்த கம்பெனியும் இருந்தது. கூட்டம் தொடங்கியதும் வழக்கம்போலத் தலைவர் கேட்டார், இன்றைக்கு யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா என்று.

கையைத் தூக்கினேன். என் உறவினர் ஒருவரின் புகார் இந்தக் கம்பெனி மேல் இருக்கிறது என்றேன். அப்படியானால் இந்தத் தீர்மானத்துக்கு நீங்கள் வெளியே இருங்கள் என்றார். எழுந்து போனேன். நடைபாதையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணாடிக்கு அப்பால் எதிராக இரண்டு கைகளும் ஆதரவாக ஒரு கையும் உயர்வதைப் பார்த்தேன். சமமாக நின்றால்தான் தலைவர் ஓட்டுப் போடுவார். தீர்மானம் தோற்றது. துண்டு ஒன்றுதான் என் தோளில் இல்லை. அப்பா டீக்கடையில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று அன்றைக்குத் தெரிந்தது. குடும்பத்துக்கும் உதவவில்லை, உட்கார்ந்த வேலையையும் செய்யவில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

6

ஒரு செவ்வாய்க்கிழமை மலர் வேலைக்குப் போகவில்லை. என்ன உடம்புக்கு என்றேன். பகல் பதினோரு மணி இருக்கும், போனை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அன்று வீட்டிலிருந்து வேலை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இடது கையில் வலது கையால் பட்டை கட்டுவதுபோல் சுற்றிக் காட்டினாள். போனில் பேசுகிறவருக்கு அது தெரியாது என்பதையே மறந்துவிட்டாள்.

யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

புகாரை விசாரிக்க வந்த வெளியாள், அம்மாவின் உடல்நிலை தெரிந்த குடும்பத்தார் யாராவது பேச முடியுமா என்று சரவணனைக் கேட்டிருக்கிறார். மச்சான் இருக்கிறார் என்று இவன் மறுபடியும் என்னையே சொல்லியிருக்கிறான். அவர் வேண்டாம், வேறு யார் என்றிருக்கிறார் அந்த வெளியாள். அதைத் தம்பி அக்காவிடம் புலம்ப, மலர் மன்றத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். என் மேசையில் வருஷக்கணக்காகக் கிடக்கிற பிரசுரம். அதில் யார் வேண்டுமானாலும் விவரம் சொல்லலாம் என்றும், உங்கள் மொழியிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம் என்றும் போட்டிருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் குழுவில் வாதாடியவன் நான்தான். அது என் வீட்டுக்குத் தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை.

காரிலிருந்து இறங்கி வந்தவள் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. முடிவு வந்து எல்லாம் தீர்ந்த பிறகுதான் என்ன பேசினாள் என்று சொன்னாள். “ஆஸ்பத்திரிக்குப் போனியான்னுதானே கேட்டீங்க? எங்கம்மா போகல. ஆஸ்பத்திரிதான் எங்கம்மா வீட்டுக்கு வந்துச்சு. இதுல எது பொய்யின்னு நீங்களே சொல்லுங்கன்னேன்.”

7

முடிவு சரவணனுக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, போனதைப் பற்றித்தான் கேட்டது. கேட்ட கேள்விக்கு வந்த பதில் நேர்மையானது. சில சில்லறைச் செலவுகள் நீங்கலாக மருத்துவமனைக் கட்டணத்தைக் கம்பெனிதான் கட்டவேண்டும் என்று வெளியாள் எழுதியிருந்தார். சரவணன் ஏற்றுக்கொண்டான். அத்தோடு கம்பெனியும் கட்டுப்பட்டது. வீடு தப்பித்தது.

அன்று சாயங்காலம் அவன் காரை விட்டு இறங்கி உள்ளே வந்தான். கையில் எங்கள் வீட்டு டப்பா ஒன்று, நிறைய அதிரசம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் சொல்லிவிட்டீர்கள் இல்லையா மச்சான், எனக்குத் தெரியும், வெளியே சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன் என்றான். நான் பேசவே இல்லை, உன் அக்காதான் பேசினாள் என்றேன். சரி சரி என்று கண்ணைச் சிமிட்டினான். மலர் அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்துக்கு வீடியோ கால். அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் இன்னும் ஒரு பக்கம் லேசாக இழுத்திருக்கிறது, பேச்சு தெளிந்துவிட்டது.

“மாப்ள, நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களாம்ல? மலரு சொல்லுச்சு. நீங்க மட்டும் அங்கிட்டு இல்லாட்டி எம்புள்ள நடுத்தெருவுல நின்னுருப்பான். நல்லா இருங்க.”

மலரைத் திரும்பிப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால், மாமியாருக்காக வாய் திறக்காத மாப்பிள்ளை என்று என்னை யாரும் பேசக் கூடாது. தான் செய்ததை எடுத்து என் பேரில் வைத்துவிட்டாள். தலையை ஆட்டிவிட்டால் போதும், எல்லாருக்கும் நல்லவனாகிவிடலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு கீரமங்கலம் கடைத்தெருவுக்கு வந்துவிடும். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எதைக் காப்பாற்றினேனோ அது போய்விடும். அதைவிட, காருக்குள் உட்கார்ந்து காற்றில் பட்டை கட்டிக் காட்டிய அவள் கை என் கண்ணில் நின்றது.

“இல்லைங்கத்தை” என்றேன். “நான் வாயே தொறக்கல. தொறக்கவும் கூடாது. பேசுனது ஒங்க மகதான். அது சொன்னதாலதான் பணம் வந்துச்சு.”

அத்தை இழுக்காத பக்கத்து வாயால் சிரித்தார். “அட, சும்மா இருங்க மாப்ள. அது சொன்னா யாரு கேக்கப்போறா?”

மொச்சை உரித்த கை நின்றது. மலர் எழுந்து வந்து என்னிடமிருந்து போனை வாங்கினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, குரல்தான் கேட்டது.

“கேட்டாங்கம்மா” என்றாள். “நான் சொல்லி முடிக்கிற வரைக்கும், குறுக்க பேசாம கேட்டாங்க.”